வண்ணத்துப்பூச்சி பறந்துவிடாமல் படம் பிடிப்பது எப்படி?

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் போகும் பாதையில், மலை ஏறத் தொடங்கும் இடத்தில் இருக்கிறது கல்லாறு. நீலகிரி மலை ரயில் பல்சக்கரத்தின் துணையோடு ஏறத் தொடங்குவதும் இங்கிருந்துதான்.

கோவை வட்டாரத்தில் வண்ணத்துப்பூச்சி பார்க்க ஆசைப்படுகிறவர்கள் தேடிப் போகும் இடங்களில் கல்லாறும் ஒன்று. சிறுவாணி, ஆனைகட்டிப் பக்கமும் அப்படியே. மழை ஓய்ந்து வெயில் அடித்தால் போதும். ஈர மணலில் பத்தும் இருபதுமாக வந்து உட்காரும். சிறகை மடக்கிக்கொண்டு, சுருள் போன்ற குழலை நீட்டி மண்ணை உறிஞ்சும். இவை பெரும்பாலும் ஆண் பூச்சிகள். தாகத்துக்காக மட்டும் வருவதில்லை. மண்ணில் கரைந்திருக்கும் உப்புக்காகத்தான் இந்தப் பாடு!

பார்த்தவுடன் படம் பிடிக்கத் தோன்றும் அல்லவா? செல்போனை நீட்டிக்கொண்டு நாலு அடி வைத்தால், அவ்வளவுதான். கூட்டம் முழுவதும் எழும்பிவிடும். படத்தில் மிஞ்சுவது வெறும் மணல்!

இந்தச் சங்கடத்துக்காக ஏற்பட்டதுதான் 'டெலி மேக்ரோ' லென்ஸ்.

பெயரிலேயே இரண்டு வேலை

'டெலி' என்றால் தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் கொண்டுவருவது. 'மேக்ரோ' என்றால் சின்னப் பொருளைப் பெரிதாகப் பிடிப்பது. இந்த இரண்டு வேலையையும் ஒரே குழாய் செய்கிறது.

உண்மையான மேக்ரோ லென்சுக்கு ஓர் அளவு உண்டு. பூச்சி 2 சென்டிமீட்டர் இருந்தால், காமிராவுக்குள் விழும் உருவமும் அதே 2 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். இதை 'ஒன்றுக்கு ஒன்று' என்பார்கள். பாதியளவு விழுந்தால் 'ஒன்றுக்கு இரண்டு'.

50, 60 மில்லிமீட்டர் மேக்ரோ லென்சும் ஒன்றுக்கு ஒன்று பிடிக்கும். 100 மில்லிமீட்டர், 180 மில்லிமீட்டர் லென்சும் அதையேதான் பிடிக்கும். அப்படியானால் நீள லென்சுக்கு ஏன் கூடுதல் காசு?

தூரத்துக்குத்தான் காசு! 60 மில்லிமீட்டர் லென்சில் முழு அளவு பிடிக்க, லென்சின் முகத்தைப் பூச்சியிடம் சுமார் 10 சென்டிமீட்டர் வரை கொண்டு போக வேண்டும். 100 மில்லிமீட்டர் லென்சில் சுமார் 15 சென்டிமீட்டர். 180 மில்லிமீட்டர் லென்சில் ஏறக்குறைய ஒரு சாண். பூவில் உட்கார்ந்த பூச்சிக்கு இந்தக் கொஞ்ச தூரம் பெரிய வித்தியாசம்.

தமிழ் மறவன்

2019-ல் தமிழக அரசு 'தமிழ் மறவன்' என்ற வண்ணத்துப்பூச்சியை மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தது. மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியில் பறக்கும் ஆரஞ்சு நிறப் பூச்சி அது. சிறகு விரித்தால் 6 முதல் 7½ சென்டிமீட்டர் வரை இருக்கும்.

இங்கேதான் ஒரு கணக்கு இருக்கிறது. பெரிய காமிராக்களில் உள்ள சென்சாரின் அளவு 36-க்கு 24 மில்லிமீட்டர். பழைய பிலிம் படத்தின் அளவும் அதுவே. இதில் 7 சென்டிமீட்டர் பூச்சியை முழு அளவில் பிடித்தால் என்ன ஆகும்? பாதிச் சிறகு வெளியே நிற்கும்! 'ஒன்றுக்கு இரண்டு' போதும். சிறகு கச்சிதமாகப் படத்துக்குள் அடங்கும். அதற்கு 180 மில்லிமீட்டர் லென்சோடு ஏறக்குறைய ஒரு முழம் தள்ளியே நிற்கலாம்.

சென்சார் சிறியதாக உள்ள காமிராவில் அந்தப் பெரிதாக்கமும் தேவையில்லை. மூன்றில் ஒரு பங்கு போதும்.

நம் நாட்டின் மிகப் பெரிய வண்ணத்துப்பூச்சிகளில் ஒன்றான பொன்னழகிக்குச் சாதாரண டெலி லென்சே போதும். அதன் சிறகு விரிப்பு 14 சென்டிமீட்டருக்கு மேல். வயல் வரப்பில், புல் மட்டத்தில் பறக்கும் குட்டி நீலப் பூச்சிகளுக்குத்தான் ஒன்றுக்கு ஒன்று வேண்டும். மடக்கிய சிறகு ஒரு சட்டைப் பொத்தான் அளவு கூட இராது. முட்டையோ கடுகைவிடச் சிறிது!

ஆகவே கடைக்குப் போகும் முன் எந்தப் பூச்சி என்று முடிவு செய்துகொள்வது புத்திசாலித்தனம்.

கடையில் ஏமாற வேண்டாம்

சில ஜூம் லென்சுகளின் மேல் 'மேக்ரோ' என்று எழுதியிருக்கும். அது முழு மேக்ரோ என்று நினைத்துவிடக் கூடாது. 70-300 மில்லிமீட்டர் வகையில் சில 'ஒன்றுக்கு இரண்டு' வரை பிடிக்கும். சில நாலில் ஒரு பங்கோடு நின்றுவிடும். ஆனாலும் பாதியளவு பிடிக்கும் ஜூமை ஏளனமாக நினைப்பதற்கில்லை. காமிராவிலிருந்து ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் பூச்சியை விட்டுவிட்டுப் பிடிக்கலாமே!

கேனான் 180, நிக்கான் 200 மில்லிமீட்டர் மேக்ரோ லென்சுகள் 1990-களில் வந்து பேர் வாங்கியவை. இப்போது இவற்றைப் பெரும்பாலும் பழைய சரக்காகத்தான் தேட வேண்டும். வாங்கும்போது டார்ச் விளக்கை உள்ளே அடித்துப் பார்க்க வேண்டும். சிலந்தி வலை போல் தெரிந்தால் அது பூஞ்சை. விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுவது நல்லது.

கையில் 300 மில்லிமீட்டர் ஜூம் ஏற்கெனவே இருக்கிறதா? புது லென்சே வேண்டியதில்லை. தாத்தா பேப்பர் படிக்க வெள்ளெழுத்துக் கண்ணாடி போடுகிறாரே, அதுபோல் காமிராவுக்கும் ஒரு கண்ணாடி உண்டு. 'குளோசப் லென்ஸ்' என்று பெயர். லென்சின் முகத்தில் திருகிவிட வேண்டியதுதான். பவர் 2 உள்ளதைப் போட்டு, லென்சை வெகுதூரத்துக்கு வைத்தால், அரை மீட்டரில் இருக்கும் பொருள் தெளிவாகத் தெரியும். 300 மில்லிமீட்டரில் பாதியளவுக்கும் சற்று அதிகமாகவே பெரிதாகும். இரண்டு கண்ணாடி ஒட்டிய ரகமாகப் பார்த்து வாங்க வேண்டும். ஒற்றைக் கண்ணாடியில் ஓரம் மங்கும்.

ஒரு மில்லிமீட்டர் விளையாட்டு

லென்ஸ் வாங்கியவுடன் படம் வந்துவிடாது. கிட்டத்தில் பிடிக்கும்போது தெளிவாக விழும் ஆழம் மிகக் குறைவு. முழு அளவில், லென்சின் துவாரத்தை 11-ஆம் எண்ணில் வைத்தாலும், ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம்தான் தெளிவாக இருக்கும். பாதியளவில் சுமார் 4 மில்லிமீட்டர். கண் தெளிவாக விழுந்தால் சிறகு மங்கும். சிறகு விழுந்தால் கண் மங்கும்!

துவாரத்தை மேலும் சுருக்கலாமே என்று தோன்றும். 16-ஐத் தாண்டினால் படம் முழுவதுமே கொஞ்சம் மழுங்கத் தொடங்கும். வெளிச்சமும் போதாது. முழு அளவில் பிடிக்கும்போது ஏற்கெனவே நாலில் ஒரு பங்கு வெளிச்சம்தான் உள்ளே விழும்.

இதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. மடக்கிய சிறகு ஒரு தட்டையான அட்டை மாதிரி. அந்த அட்டைக்கு நேர் எதிரே, சாயாமல் காமிராவைப் பிடித்தால் சிறகு முழுவதும் ஒரே தூரத்தில் இருக்கும். 4 மில்லிமீட்டரே தாராளம். முழங்கால் மண்ணில் பட உட்கார வேண்டியிருக்கும். அதற்குச் சோம்பல்பட்டால் படம் இல்லை.

கை நடுங்கினாலும் கெட்டது. 250-ல் ஒரு பங்கு வினாடிக்கு மேல் நேரம் கொடுக்காமல் இருப்பது நல்லது. காமிராவில் நடுக்கத்தைத் தடுக்கும் சாதனம் இருக்கலாம். காற்றில் ஆடும் பூவை அது நிறுத்தாது. நீள லென்ஸ் கனமானது. ஒற்றைக்கால் தாங்கி ஒன்று இருந்தால் தோள் பிழைக்கும்.

நெருங்கும்போது அவசரம் கூடாது. நம் நிழல் பூச்சியின் மேல் விழக் கூடாது. தூரத்திலிருந்தே முதல் படத்தை எடுத்துவிட்டு, பிறகு ஓரடி, இன்னும் ஓரடி என்று போக வேண்டும்.

"ஏனுங் தம்பி, இத்தனூண்டு பூச்சியப் புடிக்க இவ்வளவு பெரிய கொழாயா?" என்று ஊர்ப் பெரியவர் யாராவது கேட்பார்.

"புடிக்கறதில்லீங்க, படம் மட்டுந்தானுங்க!" என்று பதில் சொன்னால் சிரித்துவிட்டுப் போவார்.

ஊசி போய் படம் வந்தது

அந்தப் பதிலில் விஷயம் இருக்கிறது. ஒரு காலத்தில் இன்ன பூச்சி இன்ன ஊரில் உண்டு என்று நிரூபிக்க, அதைப் பிடித்து ஊசி குத்திப் பெட்டியில் வைத்தார்கள். இன்று அநேகமாக நல்ல படமே சாட்சி. கோவையில் இயங்கும் 'தி நேச்சர் அண்டு பட்டர்பிளை சொசைட்டி' போன்ற அமைப்புகள், ஆர்வலர்கள் எடுக்கும் இத்தகைய படங்களைக் கொண்டு, எங்கே எது பறக்கிறது என்று பதிவு செய்து வருகின்றன.

அதற்கு அழகான படம் மட்டும் போதாது. சிறகின் மேல்புறம் ஒரே மாதிரி இருக்கும் இரு இனங்களை, அடிப்புறத்தில் உள்ள ஒரு கோடு, ஒரு புள்ளியை வைத்துத்தான் பிரிக்க முடியும். அந்தப் புள்ளி மங்கினால் பதிவே போச்சு. ஆகவே விரித்த சிறகு ஒன்று, மடக்கிய சிறகு ஒன்று என்று இரண்டு படமாவது வேண்டும்.

பூச்சி அசையாமல் இருக்க அதைக் குளிர்பெட்டியில் வைத்துப் படம் பிடிப்போரும் உண்டு. இது கொடுமை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியல்களில் பல வண்ணத்துப்பூச்சிகளும் இருக்கின்றன. அவற்றைப் பிடிப்பது குற்றம்.

காப்புக் காட்டுக்குள் நுழைய வனத்துறையின் அனுமதி வேண்டும். கல்லாறு யானைகள் கடக்கும் வழியும் கூட. லென்சில் கண்ணை வைத்தவருக்கு முதுகுக்குப் பின்னால் வருவது தெரியாது. கூட ஒருவர் காமிரா இல்லாமல் நின்று, காட்டைப் பார்த்துக்கொண்டிருப்பது நல்லது.