எடையைக் காட்டி ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா?

“முதலில் எடையைக் குறைத்துக்கொண்டு வாருங்கள். மூட்டு மாற்று ஆபரேஷனைப் பிறகு பார்க்கலாம்.” மூட்டுத் தேய்மானத்தோடு வரும் பருமனான நோயாளிகள் பலருக்கும் பழகிப்போன பதில் இது. கடைத்தெருவரைகூட நடக்க முடியாமல் வந்தவர், வலிக்கும் காலை வைத்துக்கொண்டு எப்படி எடையைக் குறைப்பார்?

எடைக்கும் முழங்காலுக்கும் உள்ள தொடர்பு உண்மைதான். உடலில் 1 கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் சுமை சுமார் 4 கிலோ குறைகிறது என்று 2005-இல் அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது.

மருத்துவர்களின் தயக்கத்துக்கும் காரணம் இருக்கிறது. தோலுக்கடியில் கொழுப்பு தடித்திருந்தால் காயம் ஆறத் தாமதமாகும். கிருமித்தொற்று அபாயம் கூடும். செயற்கை மூட்டில் கிருமி ஆழமாகத் தங்கிவிட்டால், மாத்திரையால் மட்டும் அதை விரட்டுவது கடினம். சில சமயம் பொருத்திய மூட்டையே கழற்றி, ஆன்டிபயாட்டிக் கலந்த சிமென்டைத் தற்காலிகமாக வைத்து, தொற்று அடங்கிய பிறகு புது மூட்டு பொருத்த வேண்டியிருக்கும்.

அதனால்தான் 2013-இல் அமெரிக்க இடுப்பு, முழங்கால் அறுவை நிபுணர்கள் சங்கத்தின் குழு, உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ. 40-க்கு மேல் இருந்தால் ஆபரேஷனைத் தள்ளிவைப்பது பற்றி யோசிக்கலாம் என்றது. அந்த யோசனை பல மருத்துவமனைகளில் கறாரான விதியாகிவிட்டது. 155 செ.மீ. உயரமுள்ள பெண் 97 கிலோ இருந்தால் பி.எம்.ஐ. 40-ஐத் தாண்டிவிடும், 95 கிலோ என்றால் தாண்டாது. இரண்டு கிலோ வித்தியாசத்தில் ஒருவருக்கு ஆபரேஷன் கிடைக்கிறது, இன்னொருவருக்குக் கிடைப்பதில்லை.

இப்போது காற்று மாறி வீசுகிறது. பி.எம்.ஐ.யைக் காரணம் காட்டி யாரையும் மூட்டு மாற்றுப் பரிந்துரையிலிருந்து ஒதுக்கக் கூடாது என்று இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2022-இல் வழிகாட்டியது. எடை வரம்பை எட்டுவதற்காகவே ஆபரேஷனைத் தாமதிக்க வேண்டாம் என்று, அதே அமெரிக்கச் சங்கமும் அமெரிக்க வாதநோய் மருத்துவர்களின் அமைப்பும் 2023-இல் சேர்ந்து சொல்லின. பருமனானவர்களுக்கும் ஆபரேஷனால் வலி நன்றாகக் குறைகிறது. காத்திருக்கும் காலத்திலோ தொடைத் தசை மெலிந்து, நடமாட்டம் இன்னும் சுருங்குகிறது.

எடைக் குறைப்பு வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 82 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2022-இல் வெளியானது. அவர்களில் பாதிப் பேருக்கு, மூட்டு மாற்றுக்கு முன் இரைப்பையைச் சுற்றிப் பட்டை பொருத்தும் எடைக் குறைப்புச் சிகிச்சை அளிக்கப்பட்டது. அந்தப் பிரிவில் 14.6 சதவீதம் பேருக்கே சிக்கல்கள் வந்தன. மற்ற பிரிவில் 36.6 சதவீதம். அதைவிட முக்கியம், எடை குறைத்தவர்களில் 29 சதவீதம் பேர், வலி தணிந்ததால் மூட்டு மாற்றே வேண்டாம் என்றுவிட்டார்கள். வாரம் ஒருமுறை போடும் செமாக்ளுடைட் ஊசியாலும் 68 வாரங்களில் எடையும் முழங்கால் வலியும் குறைந்ததை 2024-இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டியது.

ஆக, எடை குறைக்கச் சொல்லும் மருத்துவமனை அதற்கான வழியையும் கையில் கொடுக்க வேண்டும். உணவியல் நிபுணர், நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொடைத் தசையை வலுவாக்கக் கற்றுத்தரும் பிசியோதெரபிஸ்ட், சர்க்கரை அளவைக் கட்டுக்குள் கொண்டுவரும் திட்டம், மறுபடி வரவேண்டிய தேதி ஆகியவை மருத்துவர் எழுதித் தரும் சீட்டிலேயே இருக்க வேண்டும். இவை எதுவும் இல்லாமல் நோயாளியைத் திருப்பி அனுப்புவது, சிகிச்சையை மறுப்பதற்குச் சமம்.