மலைக்கு ஒரு ஜெட், சமவெளிக்கு ஒரு ஜெட்

கோ-கார்ட் இன்ஜின்ல கொஞ்சம் பவர் கூட்டணும்னா, எந்த பார்ட் வாங்கலாம்னுதான் முதல்ல யோசிப்போம். கூடலூர்ல ஓட்டுறவங்க அதுக்கு முன்னாடி காத்தைக் கணக்குப் போடணும்.

கூடலூர் சுமார் 1,000 மீட்டர் உயரம். கடலோரத்தைவிட இங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 10% குறைவு, ஊட்டியில் 20%. கார்ட்டுகளில் பயன்படும் ஹோண்டா ஜிஎக்ஸ்160 இன்ஜினை எடுத்துக்குவோம்: 163 சிசி, 4.8 குதிரைத்திறன். ஜெட் மாத்தினாலும் 300 மீட்டருக்கு 3.5% பவர் குறையும்னு அதன் கையேடே சொல்லுது. கூடலூரில் மிஞ்சுவது சுமார் 4.2. ஜெட் மாத்தலைன்னா அதுவும் கிடைக்காது.

காரணம்? காத்து குறைஞ்ச அளவுக்கு கார்புரேட்டர் பெட்ரோலைக் குறைக்காது. கலவை ‘ரிச்’ ஆகி கரும்புகை வரும், இழுவை குறையும். ஒரு அளவு சின்ன மெயின் ஜெட் போட்டு, ஃபுல் திராட்டில்ல ஓட்டி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்க. கரி படிஞ்சிருந்தா இன்னும் ரிச். இளம்பழுப்புன்னா சரி. வெள்ளைன்னா பெட்ரோல் பத்தலை.

அதே ஜெட்டோட கோவை காரி மோட்டார் ஸ்பீட்வேக்கு இறங்கிடாதீங்க. கீழே காத்து அடர்த்தி அதிகம். கலவை ‘லீன்’ ஆகி, சூடேறி இன்ஜினே சேதமாகும். பழைய ஜெட்டை மாட்டின பிறகுதான் ஸ்டார்ட் பண்ணணும்.

கவர்னரைக் கழற்றினா ஆர்பிஎம் ஏறும், உண்மைதான். ஆனா ஃப்ளைவீலும் கனெக்டிங் ராடும் அந்த வேகத்துக்குச் செஞ்சதில்ல. உடைஞ்சு சிதறினா பக்கத்துல உட்கார்ந்திருக்கிறது ஓட்டுறவர்தான். அதைத் தொடாதீங்க, ஜெட்டில் கிடைக்கிறது போதும்.