புதிய ஊழியர்களுக்கான வருமான வரிக் கழிவு

பிரிவு 80ஜேஜேஏஏ என்பது, புதிதாக ஆள் சேர்க்கும் தொழில் நடத்துவோருக்கு இந்திய வருமான வரிச் சட்டம், 1961 வழங்கிய கழிவு ஆகும். சம்பளம் வழக்கம்போல் செலவாகக் கழிக்கப்படும். அதற்கு மேலும், கூடுதல் ஊழியர்களின் சம்பளத்தில் 30 விழுக்காட்டை மூன்று ஆண்டுகளுக்குக் கழித்துக்கொள்ளலாம்.

ஊழியரின் மாதச் சம்பளம் 25,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. அவர் வருங்கால வைப்பு நிதியில் சேர்ந்திருக்க வேண்டும். 240 நாட்களாவது (ஆடை, காலணி, தோல் தொழில்களில் 150) வேலை செய்திருக்க வேண்டும். சம்பளம் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு இல்லை. விலகியவருக்குப் பதிலாக ஒருவரைச் சேர்ப்பது போதாது, மொத்த எண்ணிக்கை கூட வேண்டும்.

வரித் தணிக்கை கட்டாயமான தொழில்களுக்கே இது பொருந்தும். ஆகவே, ஓர் ஆளைச் சேர்க்கவே யோசிக்கும் தெருமுனைக் கடைக்காரருக்கு இச்சலுகை பெரும்பாலும் எட்டுவதில்லை.