உதறினால்தான் இறங்கும்: பாதரசத் தெர்மாமீட்டர்

குமிழுக்குச் சற்று மேலே பாருங்கள்: குழாய் ஓரிடத்தில் குறுகி நெளிந்திருக்கிறது. இந்தக் கருவியின் சூட்சுமமே அதுதான். உடல் சூட்டில் விரியும் பாதரசம் அந்த இடுக்கைத் தாண்டி மேலேறும். வாயிலிருந்து எடுத்ததும் குமிழில் உள்ளது சுருங்கும். மேலேறிய இழையோ இடுக்கில் அறுபட்டு அப்படியே நிற்கும். நிதானமாக அளவைப் பார்க்கலாம். அடுத்து, 95 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கும்வரை நன்றாக உதற வேண்டும். அரைகுறையாக உதறினால் முந்தையவரின் காய்ச்சல் அடுத்தவர் கணக்கில் ஏறிவிடும்!

1860களில் ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் கிளிஃபர்ட் ஆல்பட் இதை 6 அங்குலமாகச் சுருக்கி, 5 நிமிடத்தில் காய்ச்சல் பார்க்க வழிசெய்தார். அதற்கு முன் 20 நிமிடம் ஆகும்.

உடைந்தால் சிதறும் பாதரசம் நஞ்சு. பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் சர்வதேச மினமாட்டா உடன்படிக்கை இந்தத் தெர்மாமீட்டரின் தயாரிப்பை நிறுத்த 2020ஐக் கெடுவாக வைத்தது. விலக்கு கோரிய நாடுகளுக்குக் கூடுதல் அவகாசம் கிடைத்தது.