உங்களுக்குத் தெரியுமா? கேம் எஞ்சின் உங்கள் நிரலைக் கூப்பிடும் கதை

◆ வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ யுனிட்டி என்ற கேம் எஞ்சினைப் பழகும் பிள்ளையைப் பிடித்து, எந்த மொழியில் கேம் செய்கிறாய் என்று கேட்டால் "சி ஷார்ப்" என்று பதில் வரும். அது பாதிதான் சரி. யுனிட்டியின் உள்ளுடம்பு சி பிளஸ் பிளஸ். படம் வரைவது, மோதலைக் கணக்கிடுவது, சத்தம் போடுவது எல்லாம் அங்கேதான் நடக்கின்றன. பிள்ளை எழுதும் சி ஷார்ப் எஞ்சினை ஓட்டுவதில்லை. எஞ்சின்தான் தன் வேலைக்கு நடுவே அதைக் கூப்பிட்டு, "உன் பங்கைச் செய்" என்கிறது. விநாடிக்கு 60 பிரேம் ஓடும் கேமில் ஒரு பிரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லிவிநாடி. கூப்பிடுவது, வேலை வாங்குவது, திரும்பி வருவது எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். நினைவகத்தைத் தானே கவனித்துக்கொள்ளும் ரன்டைம் ஒன்றுக்குள் ஓடும் கோடுக்கு மேனேஜ்ட் என்று பெயர். அந்தக் காவல் இல்லாமல் பிராசசரில் நேரே ஓடுவது நேட்டிவ். இந்த வாரத் துணுக்குகள் முழுக்க இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள எல்லையைப் பற்றியவை.

◆ "சேர், பிழை ஒண்டும் காட்டேல்லை. ஆனா இவன் நடக்கிறான் இல்லை." யுனிட்டி சொல்லிக்கொடுப்பவர்களுக்குப் பழகிப்போன முறைப்பாடு இது. திரையைப் பார்த்தால், ஒவ்வொரு பிரேமிலும் எஞ்சின் கூப்பிட வேண்டிய அப்டேட் என்ற ஃபங்ஷனின் முதல் எழுத்து பெரிய எழுத்தில் இல்லாமல் சின்ன எழுத்தில் இருக்கும். கம்பைலருக்கு அதில் ஒரு குற்றமும் இல்லை. ஒழுங்காக எழுதப்பட்ட, யாரும் கூப்பிடாத ஒரு ஃபங்ஷன், அவ்வளவுதான். எஞ்சினோ பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுத் தேடுகிறது. கிடைக்காவிட்டால் இந்த ஸ்கிரிப்டுக்கு அப்டேட் தேவையில்லை போலும் என்று பேசாமல் போய்விடுகிறது. பெயரைச் சரியாக எழுதி, ஆனால் பிரைவேட் என்று குறித்தாலும் எஞ்சின் கண்டுபிடித்துவிடும். பொதுவா தனியா என்ற கட்டுப்பாடு சி ஷார்ப் உலகத்துக்குள் மட்டும்தான் செல்லும்.

◆ ஒவ்வொரு பிரேமிலும் இப்படிப் பெயர் தேடினால் கேம் நகராது. ஒரு ஸ்கிரிப்ட் வகையை முதன்முதலில் சந்திக்கும்போதே அதில் என்னென்ன மந்திரப் பெயர்கள் உண்டு என்று பார்த்து யுனிட்டி குறித்துக்கொள்கிறது. பிறகு அந்தப் பட்டியல்படி கூப்பிடுவதுதான் வேலை. இதனால் ஒரு விபரீதம்: உள்ளே ஒரு வரியும் இல்லாத வெறும் அப்டேட்டும் பட்டியலில் ஏறிவிடும். புதிய ஸ்கிரிப்ட் திறந்ததும் வார்ப்புருவில் தானாக வரும் வெற்று ஃபங்ஷனை அழிக்காமல் விட்டவர்கள், ஒன்றுமே செய்யாததற்கு ஒவ்வொரு பிரேமும் எல்லை கடக்கும் கட்டணம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். யுனிட்டியின் வலன்டின் சிமோனோவ் 2015 டிசம்பரில் 10,000 அப்டேட் அழைப்புகளை வைத்து இதை அளந்து எழுதினார். எஞ்சின் ஒரே ஒரு தடவை உள்ளே வர, மீதிப் பேரை சி ஷார்ப்பே வரிசையாகக் கூப்பிட்டால் பல மடங்கு வேகம் என்பது அவர் கண்ட முடிவு.

◆ யுனிட்டி பிறந்த ஊர் கோபன்ஹேகன். டேவிட் ஹெல்கசன், நிக்கலஸ் ஃபிரான்சிஸ், யோஆகிம் ஆன்டே ஆகிய மூவர் 2005 ஜூனில் ஆப்பிளின் மாநாட்டில் அதை வெளியிட்டார்கள். அதற்குள் சி ஷார்ப்பை ஓட்டிய மோனோவின் 1.0 அப்போது வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது.

◆ அந்த மோனோ யார்? மைக்ரோசாஃப்டின் சி ஷார்ப் ரன்டைமான டொட் நெட் விண்டோஸை விட்டு வெளியே வராதிருந்த காலத்தில், மெக்சிகோக்காரரான மிகேல் டி இகாசா 2001 ஜூலையில் அறிவித்த, அதை மற்றத் தளங்களுக்கும் கொண்டுவரும் திறந்த மூலத் திட்டம். மோனோவைத் தனி மென்பொருளாக மட்டுமல்லாமல் இன்னொரு நிரலின் வயிற்றுக்குள்ளும் வைத்து ஓட்டலாம். கேம்காரர்களுக்கு அதுதான் இனித்தது. சி மொழியில் அதன் படிகள் இன்றைக்கும் ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன: ரன்டைமை எழுப்பு, கம்பைல் ஆன அசெம்பிளிக் கோப்பை ஏற்று, வகுப்பைப் பெயரால் தேடு, ஃபங்ஷனைப் பெயராலும் எத்தனை உள்ளீடு என்ற எண்ணாலும் தேடு, கடைசியில் மோனோ ரன்டைம் இன்வோக். தேடும் வேலையை ஒரு முறை செய்து விடையைப் பத்திரப்படுத்துவார்கள், கூப்பிடுவதை மட்டும் திரும்பத் திரும்பச் செய்வார்கள். இன்வோக் என்பது எல்லா ஃபங்ஷனுக்கும் பொதுவான வாசல், ஆகவே மெதுவானது. அவசரக்காரர்களுக்கென்று தங்க் என்ற குறுக்குவழியையும் மோனோ வைத்திருக்கிறது: ஃபங்ஷனின் நேரடி முகவரியை வாங்கி வைத்துக்கொண்டு, சாதாரண சி ஃபங்ஷன்போல அழைக்கலாம்.

◆ யுனிட்டி மட்டுமா? செகண்ட் லைஃப் மெய்நிகர் உலகம் 2008 ஆகஸ்டில் தன் ஸ்கிரிப்டுகளை மோனோவுக்கு மாற்றியது. 2009-இல் வந்த த சிம்ஸ் 3 கேமில் மனிதர்கள் சமைப்பது, சண்டை பிடிப்பது எல்லாம் மோனோவில் ஓடிய சி ஷார்ப்பின் உபயம்.

◆ எல்லை கடக்கும் தரவுக்கு நடப்பதை மார்ஷலிங் என்பார்கள். கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்தில் துறைமுகத்தை வைத்துக்கொண்டு வேறு உவமை தேடத் தேவையில்லை: சில பெட்டிகள் முத்திரை உடையாமல் அப்படியே போகும், சிலவற்றைத் திறந்து கொட்டி, மறுபடி அடுக்கித்தான் விடுவார்கள். முழு எண்ணும் தசம எண்ணும் முதல் வகை. இரண்டு பக்கமும் நினைவகத்தில் அவை ஒரே வடிவம். இடைஞ்சல் செய்வது பூலியன். ஆமா, இல்லையா என்ற ஒரே கேள்விக்குப் பதில்தான், ஆனாலும் சி பிளஸ் பிளஸில் அது வழக்கமாக 1 பைட், நாம் சொல்லாமல் விட்டால் டொட் நெட் 4 பைட் என்று எடுத்துக்கொள்ளும். நேட்டிவ் பக்கம் 1 பைட்டில் "இல்லை" என்று எழுத, மற்ற மூன்றில் கிடந்த குப்பையையும் சேர்த்துப் படித்து மேனேஜ்ட் பக்கம் "ஆமா" என்று புரிந்துகொள்ளும். கேமில் சாக வேண்டியவன் சாகமாட்டான்.

◆ பைட் கணக்கில் நம் ஊர்ப் பெயர்களே நல்ல பாடம். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை இரண்டும் கண்ணுக்கு ஆறாறு எழுத்து. யூனிகோடிலோ முன்னது 10 குறியீடு, பின்னது 12. புள்ளிக்கும் கொம்புக்கும் தனித்தனி எண் உண்டு. சி ஷார்ப் சரங்கள் யூ.டி.எஃப்-16, ஆகவே 20 பைட், 24 பைட். எஞ்சின்கள் பெரும்பாலும் விரும்பும் யூ.டி.எஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட், ஆகவே 30, 36. சரம் எல்லையைத் தாண்டும்போதெல்லாம் இந்த மாற்றமும் ஒரு நகலும் உண்டு. "வெள்ளவத்தைக்கு 6 இடம் போதும்" என்று நேட்டிவ் பக்கத்தில் இடம் ஒதுக்குபவர் பக்கத்து வீட்டு நினைவகத்தில் எழுதிவிடுவார்.

◆ கொட்டாஞ்சேனையில் இன்னொரு வில்லங்கம். முதலெழுத்தான "கொ"வை க + ஒகரக் குறி என்று 2 குறியீடாகவும் சேமிக்கலாம், க + கொம்பு + கால் என்று 3 குறியீடாகவும் சேமிக்கலாம். யூனிகோட் விதிப்படி இரண்டும் சமம். சி ஷார்ப்பின் சாதாரண சமன்பாட்டுச் சோதனையோ எண்களை மட்டும் பார்த்து இரண்டும் வேறு என்று சொல்லும். ஒரு விசைப்பலகையில் தட்டிய பெயரை இன்னொன்றில் தட்டித் தேடிவிட்டு, "சேவ் பண்ணினதைக் காணேல்லை" என்று தலையில் கைவைக்கக் காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

◆ யுனிட்டியில் எழுத்தைத் திரையில் காட்டும் டெக்ஸ்ட்மெஷ் புரோவில் தமிழ் எழுதியவர்களுக்குத் தெரியும்: கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் தொங்கும். சேமித்த வரிசையும் காட்டும் வரிசையும் வேறு என்பதை எஞ்சினுக்கு யாரும் சொல்லவில்லை. பாமினி எழுத்துருவில் வளர்ந்த கை உடனே பழைய வித்தைக்குப் போகும்: கொம்பைத் தானே முன்னால் தூக்கி வைத்து எழுதி ஒப்பேற்றுவது. கண்ணுக்குச் சரி. தேடினால் சிக்காது, வேறெங்காவது நகலெடுத்து ஒட்டினால் குழம்பிவிடும். முறையான மருந்து, எழுத்துகளைக் காட்ட வேண்டிய வரிசையில் அடுக்கும் ஹார்ஃப்பஸ் என்ற நேட்டிவ் நூலகம். கோடோ என்ற எஞ்சினின் 4-ஆம் பதிப்பு அதை உள்ளேயே வைத்துக்கொண்டு 2023 மார்ச்சில் வந்தது. யுனிட்டியும் 6-ஆம் பதிப்பின் புதிய எழுத்து இயந்திரத்தில் அதை எடுத்துக்கொண்டது. தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கேம் செய்ய நினைப்பவர் எஞ்சினைத் தேர்ந்தெடுக்கும்போது கிராஃபிக்ஸுக்கு முன்னால் இதைப் பார்ப்பது நல்லது என்பேன்.

◆ பொருள் செத்துவிட்டது, பெயர்ப்பலகை மட்டும் நிற்கிறது. யுனிட்டியில் எதிரியை அழித்தால் சி பிளஸ் பிளஸ் பக்கத்துப் பொருள்தான் போகிறது. அதைச் சுட்டிக்கொண்டிருந்த சி ஷார்ப் உறை, பயன்படாத நினைவகத்தை மீட்கும் குப்பை சேகரிப்பான் வரும்வரை நினைவகத்தில் கிடக்கும். அந்த உறை நல்-ஆ (ஒன்றையும் சுட்டாததா) என்று கேட்டால் "ஆமா, நல்தான்" என்று யுனிட்டி பொய் சொல்கிறது. சமன்பாட்டுக் குறியையே அவர்கள் மாற்றி எழுதி வைத்திருக்கிறார்கள். 2014-இல் இதை விட்டுவிடலாமா என்று வெளிப்படையாகவே கேட்டுப் பார்த்தார்கள். விடவில்லை. சி ஷார்ப்பின் இரட்டைக் கேள்விக்குறிச் சுருக்கம் இந்தப் பொய்யைக் கேட்பதில்லை. அதனால் புதுப் பாணியில் எழுதுபவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள்.

◆ நேட்டிவ் பக்கத்துக்கு ஒரு சி ஷார்ப் டெலிகேட்டை (ஃபங்ஷனைச் சுட்டும் பொருளை) கொடுத்து, "முடிந்ததும் இதைக் கூப்பிடு" என்று சொன்னீர்களா? உங்கள் பக்கத்திலும் அதைப் பிடித்து வைத்திருங்கள். நேட்டிவ் கையில் இருப்பதைக் குப்பை சேகரிப்பான் கணக்கில் எடுக்காது. யாருக்கும் வேண்டாததென்று அள்ளிப் போட்டுவிடும். கேம் உடனே விழுந்தால் பரவாயில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்து, சேகரிப்பான் வந்து போன பிறகு, சம்பந்தமில்லாத இடத்தில் விழும்.

◆ ஐபோனில் ஓடும்போதே இயந்திரக் கோட் தயாரிக்கும் ஜிட் முறைக்குச் சாதாரணச் செயலிகளுக்கு அனுமதி இல்லை. 2015 பெப்ரவரி முதல் புதிய செயலிகள் 64 பிட்டாக இருக்க வேண்டும் என்றும் ஆப்பிள் சொன்னது. யுனிட்டியின் பதில் ஐஎல்2சிபிபி: சி ஷார்ப் கம்பைல் ஆகிக் கிடைக்கும் இடைமொழியை எடுத்து, முழுவதையும் சி பிளஸ் பிளஸாகப் பெயர்த்துவிடுவது. எல்லை அழிந்துவிட்டதா என்றால் இல்லை, குப்பை சேகரிப்பான் அங்கேயும் கூடவே வருகிறது. இன்னொன்றும் உண்டு. யாரும் பயன்படுத்தாத ஃபங்ஷன்களைப் பெயர்ப்பதற்கு முன்பே ஒரு கருவி வெட்டி எறியும். வெளியிலிருந்து பெயரைச் சொல்லி மட்டும் கூப்பிடப்படும் ஃபங்ஷன் அதன் கண்ணுக்கு யாருமற்றது. பிரிசர்வ் என்ற குறி போடாவிட்டால், எடிட்டரில் ஓடியது போனில் ஓடாது.

◆ ஆண்ட்ராய்டின் ஜாவாப் பக்கத்திலிருந்து யுனிட்டியின் சி ஷார்ப்பைக் கூப்பிட மிக எளிய வழி யுனிட்டி சென்ட் மெசேஜ். பொருளின் பெயர், ஃபங்ஷனின் பெயர், ஒரே ஒரு சரம். அதற்கு மேல் எதுவும் அனுப்ப முடியாது, பதிலும் வராது.

◆ டொட் நெட் திறந்த மூலமாகும் என்று 2014 நவம்பர் 12-இல் மைக்ரோசாஃப்ட் அறிவித்தபோது அதன் டெவலப்பர் பிரிவுக்குத் தலைவர் சோமசேகர். புதுச்சேரியில் வளர்ந்து, கிண்டி பொறியியற் கல்லூரியில் படித்தவர்.

◆ கொழும்புக்கும் இதில் சொந்தச் சரக்கு உண்டு. டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் 2017-இல் அறிமுகப்படுத்தி 2019 செப்டெம்பரில் 1.0 ஆக வெளியிட்ட பாலரினா மொழி கேமுக்கானதல்ல, இணையச் சேவைகளை இணைப்பதற்கானது. ஆனால் அது ஜாவாவின் மெய்நிகர் இயந்திரத்தில் ஓடுவதால் எல்லைப் பிரச்சினை அதற்கும் வந்தது. எக்ஸ்டர்னல் என்று குறித்த ஃபங்ஷனின் உடல் ஜாவாவில் இருக்கும். பாலரினாவின் முழு எண் 64 பிட், ஆகவே ஜாவாவின் லாங்குடன் சரியாகப் பொருந்தும். தனக்குப் புரியாத ஜாவாப் பொருளை ஹேண்டில் என்ற உறையில் போட்டுப் பிரித்துப் பாராமல் வைத்துக்கொள்ளும்.

◆ ஜாவா படித்தவர்கள் முதல் வகுப்பில் எழுதும் மெயின் ஃபங்ஷனைக் கூப்பிடுவது யார்? ஜாவா என்ற கட்டளையே சி மொழியில் எழுதிய சின்ன நிரல். மெய்நிகர் இயந்திரத்தை எழுப்பி, ஜாவாவையும் நேட்டிவையும் இணைக்கும் ஜேஎன்ஐ வழியாக உங்கள் மெயினைத் தேடிக் கூப்பிடுவது அதுதான். உயர்தரத்து ஐ.சி.ரி. மாணவர்கள் எழுதும் பைதனிலும் இதேதான். ஒரு பட்டியலை வரிசைப்படுத்தும்போது கீ என்று ஒரு ஃபங்ஷனைக் கொடுத்தால், சி-யில் எழுதிய வரிசைப்படுத்தி ஒவ்வோர் உறுப்புக்கும் உங்களைத் தேடி வரும்.

◆ 2024 ஆகஸ்டில் மோனோ திட்டத்தை மைக்ரோசாஃப்ட், லினக்ஸில் விண்டோஸ் நிரல்களை ஓட்ட உதவும் வைன் குழுவிடம் ஒப்படைத்தது. கோடோ எஞ்சின் அதற்கு முன்பே, 4-ஆம் பதிப்பில், மோனோவை விட்டுப் புதிய டொட் நெட்டுக்குப் போய்விட்டது. புதியவர் வீட்டில் நடைமுறையும் வேறு. ஃபங்ஷனின் தலையில் அன்மேனேஜ்ட் காலர்ஸ் ஒன்லி என்று குறித்தால் அதன் முகவரியை நேட்டிவ் பக்கம் நேரே வாங்கிக்கொள்ளலாம், டெலிகேட் தேவையில்லை. நிபந்தனைகள் கடுமை: ஸ்டாட்டிக்காக இருக்க வேண்டும், சரம் வாங்கக் கூடாது, உள்ளே எழும் எக்செப்ஷன் வெளியே தப்பினால் மொத்த நிரலும் விழும். அதே ஃபங்ஷனை நீங்களே சி ஷார்ப்பில் இருந்து கூப்பிட்டுப் பார்க்க நினைத்தால் கம்பைலர் விடாது.