டிஸ்டில்டு வாட்டர் குடிக்கலாமா?

போன மாதம் ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். வயது நாற்பத்தைந்து இருக்கும். வங்கியில் வேலை. கையில் ஸ்கேன் ரிப்போர்ட், முகத்தில் கோபம்.

"டாக்டர், ஆறு மாசமா டிஸ்டில்டு வாட்டரைத் தவிர வேற தண்ணியே குடிக்கலை. அப்படியும் மறுபடி கல் வந்திருக்கே, எப்படி?" என்றார்.

ஏற்கெனவே ஒருமுறை சிறுநீரகக் கல் வந்து துடித்தவர். 'தண்ணியில இருக்கிற உப்புதான் கல்லா மாறுது. உப்பே இல்லாத தண்ணியைக் குடி' என்று கூட வேலை செய்யும் நண்பர் சொல்லியிருக்கிறார். இவரும் கேன் கேனாக வாங்க ஆரம்பித்துவிட்டார்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கிறீங்க?"

"ஒரு லிட்டர் இருக்கும். விலை ஜாஸ்தி டாக்டர். அதோட சப்புன்னு இருக்கு, குடிக்கவே பிடிக்கலை."

"எங்கே வாங்குறீங்க?"

"இன்வர்ட்டர் பேட்டரி விக்கிற கடையிலதான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேட்டரிக்கு ஊற்றுவதற்காக விற்கும் தண்ணீர் அது. வாயில் வைப்பதற்கான சுத்தத்தை அதில் யாரும் பரிசோதிப்பதில்லை. சில கேன்களில் இருப்பது காய்ச்சி வடித்த நீரே இல்லை. உப்பு நீக்கிய நீர்தான். உப்பு நீங்கிவிட்டது என்பதால் கிருமியும் நீங்கிவிட்டது என்று அர்த்தமில்லை.

வாலை வடிக்கும் வித்தை

தண்ணீரைக் கொதிக்க வைத்து, எழும் ஆவியைக் குளிரச் செய்து, சொட்டுச் சொட்டாகப் பிடிப்பதுதான் காய்ச்சி வடித்த நீர். சித்த மருத்துவத்துக்கு இது புதிதல்ல. 'வாலை இயந்திரம்' என்று இதற்கென்றே ஒரு கருவி உண்டு. கல்லூரியில் படிக்கும்போது ஓமத்தை ஊறப்போட்டு, வாலையில் ஏற்றித் தீநீர் இறக்கியிருக்கிறோம். உங்கள் வீட்டில் குழந்தை வயிற்று வலிக்குக் கொடுக்கும் ஓமத்தீநீர் அப்படி வந்ததுதான்.

அதிலேயே ஒரு பாடம் இருக்கிறது. ஓமத்தின் மணம் ஆவியோடு சேர்ந்து வந்துவிடும். தண்ணீரில் இருந்த உப்பு அடியிலேயே தங்கிவிடும். டிஸ்டில்டு வாட்டரிலும் இதே கதைதான். கிருமி செத்துவிடும், உப்பு, ஃபுளோரைடு, ஈயம், ஆர்சனிக் எல்லாம் பாத்திரத்திலேயே நின்றுவிடும். ஆனால் எளிதில் ஆவியாகும் சில ரசாயனங்கள், ஓம மணம் போலவே, கூடவே வந்துவிடலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தீநீரை நாங்கள் ஸ்பூன் கணக்கில் மருந்தாகத்தான் கொடுக்கிறோம். தாகத்துக்குச் செம்பு செம்பாகக் குடிக்கச் சொல்வதில்லை.

எலும்பை அரிக்குமா?

'டிஸ்டில்டு வாட்டர் எலும்பில் உள்ள சுண்ணாம்பை உறிஞ்சிவிடும், அது அமிலம்' என்று பயமுறுத்துகிறவர்களும் உண்டு. அதுவும் சரியில்லை. காற்றுப்பட்டதும் அது லேசாகப் புளிப்புத் தன்மை அடைவது உண்மை. ஆனால் நம் இரைப்பையில் சுரக்கும் அமிலத்துக்கு முன்னால் அது எம்மாத்திரம்? சுத்தமாகத் தயாரித்ததை ஒருநாள், இரண்டு நாள் குடித்தால் ஒன்றும் ஆகாது.

மாதக்கணக்கில் அதையே குடிப்பதில்தான் யோசனை வேண்டும். ஒரு கணக்குப் போடுவோம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1000 மில்லிகிராம் கால்சியம் தேவை. லிட்டருக்கு 50 மில்லிகிராம் கால்சியம் உள்ள தண்ணீரை 2 லிட்டர் குடித்தால் 100 மில்லிகிராம் கிடைக்கிறது. தேவையில் பத்தில் ஒரு பங்கு! மெக்னீசியமும் கொஞ்சம் கிடைக்கும். பால், தயிர், கீரை, கேழ்வரகு என்று நன்றாகச் சாப்பிடுகிறவருக்கு இந்த நஷ்டம் பெரிதல்ல. 100 கிராம் கேழ்வரகிலேயே ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறதே! ஆனால் டீயும் பன்னுமாகப் பொழுதை ஓட்டுகிறவர்கள், பால் பிடிக்காத முதியவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு இந்தப் பத்தில் ஒரு பங்கும் முக்கியம்.

வயிற்றுப்போக்கிலும், வியர்த்துக் கொட்டும் வேலையிலும் உடம்பிலிருந்து உப்பு வெளியேறுகிறது. அப்போது எந்த வெறும் தண்ணீரையும் குடம் குடமாகக் குடிப்பது நல்லதல்ல. வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ்., வியர்வைக்கு உப்புப் போட்ட கஞ்சி அல்லது மோர் நல்லது.

கறுத்துப் போகும் தண்ணீர்

ஆர்.ஓ. மெஷின் விற்க வருகிற சிலர் ஒரு வேடிக்கை காட்டுவார்கள். இரண்டு டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கம்பிகளை விட்டுக் கரண்ட் கொடுப்பார்கள். உங்கள் வீட்டுத் தண்ணீர் பழுப்பாகக் கலங்கும். அவர்கள் தண்ணீர் தெளிவாக இருக்கும். பார்த்த இல்லத்தரசி பதறிப் போவார். உண்மை என்ன? உப்புள்ள தண்ணீரில் மின்சாரம் பாயும். அப்போது இரும்புக் கம்பி கரைந்து துருவாக வருகிறது. உப்பில்லாத தண்ணீரில் மின்சாரம் சரியாகப் பாய்வதில்லை. அவ்வளவுதான்! அந்த அழுக்கு கம்பியுடையது, உங்கள் தண்ணீருடையதல்ல.

யாருக்குத் தேவை?

கரைந்துள்ள உப்பின் மொத்த அளவை டி.டி.எஸ். என்பார்கள். இந்தியத் தர நிர்ணயப்படி இது லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்ல குடிநீர். வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை அனுமதி உண்டு. உங்கள் தண்ணீர் 500-க்குள் இருந்து, வேறு கெடுதலும் இல்லையென்றால் உப்பை நீக்க அவசியமே இல்லை. நன்றாகக் கொதிக்க வைத்து, ஆற்றி, மூடிய மண்பானையில் வைத்துக் குடியுங்கள்.

ஆனால் தர்மபுரி, கிருஷ்ணகிரி போன்ற மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகமுள்ள ஊர்கள் உண்டு. பல்லில் கறை படியும், நாளடைவில் எலும்பும் பாதிக்கும். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். அங்கே வடித்த நீரோ ஆர்.ஓ. நீரோ நிச்சயம் உதவும். ஆகவே முதலில் தண்ணீரைப் பரிசோதியுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடங்களில் கட்டணம் கட்டிச் சோதித்துக் கொள்ளலாம்.

சரி, வங்கி ஊழியர் கதைக்கு வருவோம். கல் வராமல் தடுப்பதற்கு முதல் வழி, நாளொன்றுக்கு 2 முதல் 2½ லிட்டர் சிறுநீர் பிரியும் அளவுக்குத் தண்ணீர் குடிப்பது. உணவோடு சேரும் கால்சியம், கல்லுக்குக் காரணமான ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்து வெளியேற்றுகிறது. இவரோ கால்சியத்துக்குப் பயந்து, தண்ணீரையே குறைத்துவிட்டார்!

அவர் வீட்டுக் குழாய்த் தண்ணீரைச் சோதிக்கச் சொன்னேன். டி.டி.எஸ். 300-கூட இல்லை. "காய்ச்சி ஆறவெச்சு வயிறாரக் குடிங்க. கல்லைச் சிறுநீரக நிபுணர்கிட்ட காட்டிடுங்க" என்று அனுப்பினேன். (சிறுநீரகச் செயலிழப்பு, இதய பலவீனம் உள்ளவர்கள் மட்டும் தண்ணீரின் அளவை டாக்டரைக் கேட்டே முடிவு செய்யுங்கள்.)

அவர் வாங்கி வைத்திருந்த மிச்ச கேன்கள்? இன்வர்ட்டருக்கு ஊற்றச் சொல்லிவிட்டேன். அதற்குத்தான் அது!