தலைக்கணக்கும் புகைக்கணக்கும்

நம் நாட்டில் கரியமில வாயு பெருகுவதற்கு ஜனப்பெருக்கமே காரணம் என்று பலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். வெளிமாநிலங்களில் குடியேறி வாழும் நம்மவர்க்கு இத்தகைய பேச்சு புதிதன்று. நகரத்தில் தண்ணீர் பற்றாமற்போனாலும் மின்சாரம் நின்றாலும், வெளியூரார் மிகுந்துவிட்டனர் என்ற குறையே முதலில் காதில் விழும். இவ்வழக்கு எவ்வளவு தூரம் நிற்கும் என்பதை நேயர்கள் சற்று நிதானமாக ஆராய்ந்து பார்க்கலாம்.

நிலக்கரியும் எண்ணெயும் எரியும்போது அவற்றிலுள்ள கரி, காற்றின் பிராணவாயுவோடு கூடிக் கரியமில வாயு ஆகிறது. 12 பங்கு கரியுடன் 32 பங்கு பிராணவாயு சேர்வதால், எரிந்த கரியைப் போல் மூன்றரை மடங்குக்கு மேல் எடையுள்ள வாயு வெளிவருகிறது. 1990-ஆம் ஆண்டில் இந்தியா இவ்வாறு வெளிவிட்டது ஏறத்தாழ 60 கோடி டன். 2023-இல் அது 300 கோடி டன்னை எட்டியது. அதாவது ஐந்து மடங்கு.

இப்பெருக்கத்தைப் பிரித்துப் பார்ப்பதற்கு ஜப்பானிய அறிஞர் யோயிச்சி காயா என்பவர் ஓர் எளிய வழி காட்டினார். வெளியாகும் வாயு நான்கு எண்களின் பெருக்கல் என்பது அவர் கணக்கு. ஜனத்தொகை ஒன்று, தலைக்கு விழும் வருமானம் மற்றொன்று, ஒரு ரூபாய் வருமானத்தை உண்டாக்கச் செலவாகும் எரிசக்தி மூன்றாவது, அந்த எரிசக்தியில் ஓர் அலகுக்கு வெளிப்படும் கரியமில வாயு நான்காவது. குடும்பச் செலவைக் கூட்டிப் பெருக்கிப் பார்க்கும் இல்லத்தரசிகளுக்கு இது விளங்காத சூத்திரமன்று.

1990-இல் சுமார் 87 கோடியாக இருந்த நம் ஜனத்தொகை 2023-இல் 143 கோடி அளவுக்கு வந்தது. தலைகள் மட்டும் பெருகி மற்றவை மாறாதிருந்தால், 60 கோடி டன் 100 கோடி டன் அளவில் நின்றிருக்கும். எஞ்சிய 200 கோடி டன்னுக்கு யாரைக் கேட்பது? அதே காலத்தில் விலைவாசி ஏற்றத்தை நீக்கிப் பார்த்தாலும் தலைக்கு வரும் வருமானம் ஏறக்குறைய நான்கு மடங்காயிற்று. பெரும்பங்கு இதனுடையதே.

திருநெல்வேலிச் சீமையில் விறகடுப்பும் இரண்டு மின்விளக்குமாக வாழ்ந்த ஒரு குடும்பம் மும்பைக்குக் குடிபெயர்கிறது என்று வைத்துக்கொள்வோம். தேசத்தின் ஜனத்தொகையில் ஒருவர்கூட மிகவில்லை. ஆயினும் எரிவாயு அடுப்பு வருகிறது. குளிர்பதனப் பெட்டி வருகிறது. ஏழாம் மாடிக்கு ஏற மின்தூக்கி வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் வேலைக்குப் போனபின் அவர்களுக்கென்று ஒரு மோட்டார் வாகனமும் வருகிறது. கூட்டுக் குடும்பம் பிரிந்து நான்கு வீடானால் குளிர்பதனப் பெட்டியும் நான்காகிறது. தலை எண்ணுவோர் வீட்டை எண்ணத் தவறிவிடுகிறார்கள் என்பது என் கருத்து.

மாநிலங்களை ஒப்பிட்டாலும் இதே பாடந்தான். 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, பீகாரில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 3 குழந்தைகள், தமிழ்நாட்டில் 1.8. மின்சாரத்தைப் பார்த்தாலோ, தமிழ்நாட்டார் தலைக்குச் செலவிடுவது பீகாரைப் போல் நான்கு மடங்குக்கும் மேல். சீனாவின் ஜனத்தொகை 2022-இலேயே குறையத் தொடங்கியது. அதன் கரியமில வாயுவோ 2023-இலும் ஏறிற்று.

மூன்றாவது எண்ணில் நமக்கு ஆறுதல் உண்டு. பழைய நீராவி ரயிலில் எரிந்த நிலக்கரியின் சக்தியில் பத்தில் ஒரு பங்குகூட வண்டியை இழுக்கப் பயன்பட்டதில்லை. மின்நிலையத்தில் எரித்தால் மூன்றில் ஒரு பங்கு மின்சாரமாகிறது. 60 வாட் குண்டு பல்பு தந்த வெளிச்சத்தை இன்று 9 வாட் எல்.இ.டி. பல்பு தருகிறது. 2015-இல் தொடங்கிய அரசாங்கத் திட்டத்தின் வழியே இப்படிப்பட்ட பல்புகள் 36 கோடிக்கு மேல் வீடுகளுக்குச் சென்றன. இத்தகைய சிக்கனங்கள் பலவும் சேர்ந்தே, ஒரு ரூபாய்க்கு ஆகும் எரிசக்தியை 1990-இல் இருந்ததில் ஏறத்தாழப் பாதியாக்கின.

நான்காவது எண் வியப்புக்குரியது. அது குறையவில்லை, கூடியிருக்கிறது. விறகும் வறட்டியும் எரித்த காலத்தில் அவற்றின் கரி, மீண்டும் வளரும் செடிகொடிகளில் அடங்கும் என்று கொண்டு இக்கணக்கில் சேர்ப்பதில்லை. அவற்றை விட்டு எரிவாயுவுக்கும் நிலக்கரி மின்சாரத்துக்கும் வந்தபோது கணக்கு ஏறிற்று. ஆனால் புகையடுப்பின் முன்னே கண் எரிய இருமிக்கொண்டிருந்த தாய்மார்களின் நெஞ்சு சுத்தமாயிற்றே! அதை ஏட்டில் குற்றமாக எழுதுவது நியாயமாகாது. இந்தியர் ஒருவருக்கு ஆண்டில் சுமார் 2 டன் என்றால், அமெரிக்கர் ஒருவருக்கு 14 டன் அளவு ஆகிறது என்பதையும் உடன்வைத்து எண்ணவேண்டும்.

இனி மாற்றத்தக்கது பெரும்பாலும் இந்த நான்காவது எண்ணே. நிலக்கரியால் உண்டாகும் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கரியமில வாயு வெளியாகிறது; காற்றாலையோ சூரிய ஒளித் தகடோ சுழலும்போதும் ஒளிரும்போதும் எதையும் எரிப்பதில்லை. 2013 டிசம்பர் 31-ஆம் நாள் ராய்ச்சூர்–சோலாப்பூர் மின்தொடர் இணைக்கப்பட்டதிலிருந்து தென்னாட்டு மின்வலை வடநாட்டோடு ஒன்றாகிவிட்டது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் பிறந்த மின்சாரமும், சிங்ரௌலியில் நிலக்கரி எரித்துப் பெற்ற மின்சாரமும் இன்று ஒரே குளத்தில் கலக்கும் நீர் போன்றவை. தில்லிக் கரோல் பாக்கில் சுழலும் விசிறி எதனால் ஓடுகிறது என்று பிரித்துச் சொல்லமுடியாது.

2030-க்குள் ஒரு ரூபாய் உற்பத்திக்கு ஆகும் வாயுவை 2005-இல் இருந்ததைவிட 45 விழுக்காடு குறைப்பதாக இந்தியா 2022-இல் உறுதி கூறியது. இது விகிதத்தைப் பற்றிய வாக்கு; உற்பத்தி வேகமாக வளர்ந்தால் மொத்த வாயு ஏறவும் இதில் இடமுண்டு. நிறுவப்பட்ட மின்திறனில் பாதிக்கு மேல் 2025-இல் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு அல்லாதனவாகிவிட்டது உண்மையே. ஆயினும் திறன் வேறு, உற்பத்தி வேறு. சூரியன் மறைந்து வீடுதோறும் விளக்கும் குளிர்சாதனமும் இயங்கும் மாலை வேளையில், பெரும்பாரத்தைத் தாங்குவது இன்னும் நிலக்கரி உலைகளே. பகல் வெயிலில் பெற்ற மின்சாரத்தை இரவுக்குச் சேமித்து வைக்கும் பாட்டரிகளும், நீரை மேலே ஏற்றி வைத்துத் திரும்ப இறக்கும் நீர்மின் நிலையங்களும் எவ்வளவு விரைவில் பெருகுகின்றனவோ, அவ்வளவுக்கே அந்தப் பாரம் இறங்கும்.